மாதம் 9,400 ரூபாய்க்குச் சத்துப்பொடி: ஆறு வயது மகனுக்கு வாங்கலாமா?

மல்லிகைப்பந்தல் · திருப்பூர் · ஞாயிறு இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் சொன்னார்கள். பத்துப் பதினைந்து சொற்கள் பேசுவான். வாரத்தில் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். போன வியாழக்கிழமை அந்த மையத்தில் ஒரு பட்டியலை நீட்டினார்கள்: பி6 மக்னீசியப் பொடி, மீன் எண்ணெய், துத்தநாகச் சொட்டு, டி3 சொட்டு, பல வைட்டமின் கலந்த கம்மி மிட்டாய். எல்லாம் அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். மாதம் 9,400 ரூபாய். தலைமுடியை வெட்டி அனுப்பி, உடம்பில் எந்தத் தாது குறைவு என்று பார்க்க இன்னும் 6,500. "மூன்றே மாதத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுவான் பாருங்கள்" என்றார் அங்கிருந்தவர்.

வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டுப் பீஸ் கணக்கில் தைக்கிறேன். 9,400 என்பது எங்கள் வாடகையைவிட அதிகம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாளைக்கு யாராவது 'அன்றைக்கே கொடுத்திருந்தால் பேசியிருப்பான்' என்று சொல்லிவிட்டால்?

சாப்பாட்டு விவரம்: இட்லி, அதுவும் வெறும் இட்லி; ஒரே கம்பெனி பிஸ்கட்; தயிர்ச் சோறு; பால். வேறெதையும் வாயருகே கொண்டுபோக விடமாட்டான். இரவுத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது; காலை உதைத்துக்கொண்டே புரளுவான். இரண்டு மூன்று மாதமாகச் சாமி மாடத்துத் திருநீற்றுக் கிண்ணத்தை ஒளித்து வைக்கிறேன். அள்ளி அள்ளித் தின்கிறான்.

நம்பிக்கை · உடுமலை · ஞாயிறு இரவு 11.15

தயங்காதீர்கள் சகோதரி. என் மகனுக்கு ஒன்பது வயது. பி6 மக்னீசியம் கொடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டாவது மாதத்திலேயே ஓர் இடத்தில் உட்காரத் தொடங்கினான், கூப்பிட்டால் திரும்பினான். இது நேற்று முளைத்த வியாபாரம் இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அந்தக் காலத்திலேயே இதைச் சொன்னார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். நம்மைப் போல ஒரு தகப்பன். டாக்டர்கள் ஏன் வாய் திறப்பதில்லை தெரியுமா? வைட்டமினில் யாருக்கும் லாபம் இல்லை, அதனால்தான்.

மாத்திரைக்கடை · பெருந்துறை · திங்கள் காலை 7.05

இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வைட்டமினில் லாபம் இல்லை என்று சொல்லும் உடுமலை நண்பர் ஒரு நாள் என் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும். காய்ச்சல் மாத்திரைக்கு அரசு விலை வரம்பு வைத்திருக்கிறது. சத்துப்பொடி டப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது மருந்து உரிமத்தில் வருவதில்லை, உணவு உரிமத்தில் வருகிறது.

அம்மிணி, பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த டப்பாக்களின் லேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை கரண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம், அளவு மட்டும். 14 இலக்க உணவு உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அமுச்சி · கோபிசெட்டிபாளையம் · திங்கள் காலை 9.30

கண்ணு, பையன் பால் எவ்வளவு குடிக்கிறான்?

மல்லிகைப்பந்தல் · திங்கள் காலை 9.52

ஒரு லிட்டருக்குக் குறையாது அமுச்சி. சில நாள் ஒன்றேகால். சோறு இறங்காத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்று எருமைப்பாலாகவே வாங்குகிறேன்.

அமுச்சி · திங்கள் காலை 10.10

அப்படியானால் பசி எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டிலும் ஒரு பேத்தி இருந்தாள், பால் பால் என்று. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போயிற்று. சுவரைச் சுரண்டியும் தின்றாள். உன் மகன் திருநீறு தின்கிறான் என்றதும் அவள் ஞாபகம்தான் வந்தது. முதலில் ரத்தத்தைப் பார்.

சத்துணவு_பொள்ளாச்சி · திங்கள் மதியம் 1.20

நான் உணவு ஆலோசகர். அமுச்சி கேட்ட கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. போதாததற்கு அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேருவதையும் தடுக்கும். வயிற்றையும் நிரப்பிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். மண், சாம்பல், சுண்ணாம்பு, சாக்பீஸ் என்று தின்பது இரும்புக் குறைவோடு சேர்ந்து வரும் பழக்கம். தூங்கும்போது காலை உதறுவதும் பல பிள்ளைகளுக்கு அதனால்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் என்றால் இதையெல்லாம் "அவன் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆட்டிசம் இருக்கும் பிள்ளை மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்குமா?

முடிச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஷாம்பு, தண்ணீர், தூசி எல்லாம் அந்த எண்ணை மாற்றும். ரத்தத்தில் நான்கு பாருங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும்), வைட்டமின் டி, பி12. திருநீறு தின்பதால் ஈயத்தின் அளவையும் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது போகாதீர்கள். ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

மல்லிகைப்பந்தல் · திங்கள் இரவு 9.15

லேபிளைப் பார்த்து எழுதி வந்தேன். அங்கிருந்த பெண் 'எதற்கு எழுதுகிறீர்கள்' என்று இரண்டு முறை கேட்டார்.

பி6 பொடி: ஒரு கரண்டியில் பிரிடாக்சின் (அதுதான் பி6) 50 மி.கி., மக்னீசியம் 100 மி.கி., துத்தநாகம் 7.5 மி.கி. நாளைக்கு இரண்டு கரண்டி.
துத்தநாகச் சொட்டு: நாளைக்கு 10 மி.கி.
கம்மி மிட்டாய் இரண்டு: துத்தநாகம் 3 மி.கி., டி 400 யூனிட், இன்னும் என்னென்னவோ.
டி3 சொட்டு: நாளைக்கு 1,000 யூனிட்.
மீன் எண்ணெய்க் குப்பியில் வெளிநாட்டு எழுத்து. உரிம எண் பொடியிலும் இல்லை, அதிலும் இல்லை.

மாத்திரைக்கடை · பெருந்துறை · திங்கள் இரவு 11.00

கடையடைத்துவிட்டு வந்து கணக்குப் போட்டேன்.

பி6 நாளைக்கு 100 மி.கி. அமெரிக்கக் கணக்கில் 4 முதல் 8 வயது வரை உச்ச வரம்பே 40 மி.கி. அங்கே பெரியவர்களுக்குத்தான் 100. ஐரோப்பாவில் 2023ல் பெரியவர்களுக்கான வரம்பையே 12 மி.கி.க்கு இறக்கிவிட்டார்கள். காரணம் நரம்பு. பி6 நீண்ட நாள் அளவு மீறிப் போனால் கைவிரலும் பாதமும் மரத்துப்போகும், நடை தள்ளாடும். 1983ல் ஏழு பேருக்கு இப்படி ஆனதை மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் கிராம் கணக்கில் விழுங்கியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அதைவிடக் குறைந்த அளவிலும் பார்த்திருக்கிறார்கள்.

துத்தநாகம் மூன்று டப்பாவிலும் ஒளிந்திருக்கிறது. 15, 10, 3. கூட்டினால் 28. இந்த வயதுக்கு உச்சம் 12. வயிற்றுப்போக்குக்குப் பதினான்கு நாள் 20 மி.கி. கொடுப்பது வேறு விஷயம். மாதக்கணக்கில் போனால் துத்தநாகம் உடம்பிலிருக்கும் தாமிரத்தைக் கீழே தள்ளும், அதனாலேயே ரத்தசோகை வரும். மக்னீசியம் 200 மி.கி. பேதியாகும். இட்லியும் தயிர்ச்சோறும் மட்டும் தின்னும் பையனுக்கு அதுவும் நின்றுபோகும்.

நீங்கள் எழுதி வந்த பட்டியலில் இரும்பு எவ்வளவு தெரியுமா? சுழியம். திருநீறு தின்னும் பையனுக்கு.

நம்பிக்கை · உடுமலை · செவ்வாய் காலை 6.30

கணக்கு எல்லாம் சரி ஐயா. என் வீட்டில் நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? 2011ல் அரிசோனாவில் 141 பேரை வைத்துப் பல வைட்டமின் கலந்த சத்து மருந்தை ஆய்வு செய்திருக்கிறார்கள், பெற்றோர்கள் முன்னேற்றம் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் கொஞ்சம் படிக்கிறவன்தான்.

கோழிப்பண்ணை · நாமக்கல் · செவ்வாய் காலை 8.40

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு கேள்வி. பொடி ஆரம்பித்த அந்த இரண்டு மாதத்தில் வேறு என்ன மாறியது?

நம்பிக்கை · உடுமலை · செவ்வாய் காலை 8.55

பள்ளி மாற்றினோம். அந்தப் பள்ளியில் சிறப்பாசிரியர் இருந்தார். அதனால் என்ன?

கோழிப்பண்ணை · நாமக்கல் · செவ்வாய் மதியம் 2.30

அதனால்தான் கேட்டேன். எங்கள் பண்ணையில் முட்டை எண்ணிக்கை கூடினால் அப்பா புதுத் தீவனத்தைச் சொல்வார், நான் மின்விளக்கு நேரத்தை மாற்றியதைச் சொல்வேன், வேலையாள் மழை வந்ததைச் சொல்வார். ஒரு கொட்டகைக்குக் கொடுத்து, பக்கத்துக் கொட்டகைக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் தெரியும்.

1990களின் கடைசியில் சீக்ரெட்டின் என்ற ஊசி ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறது என்று அமெரிக்கா முழுவதும் ஓடினார்கள். 1999ல் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த மருந்தையும் மீதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புநீரையும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் 'எங்களுக்கு அந்த ஊசி வேண்டும்' என்றார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் அண்ணனுக்கு 38 வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. வெள்ளைச் சோறு, தயிர், முறுக்கு. பழம் என்றால் ஓடுவார். நான்கு வருடத்துக்கு முன் திடீரென்று நடப்பதை விட்டுவிட்டார். காலைத் தொட்டால் அலறல். எலும்பு மருத்துவரிடம் போனோம், எக்ஸ்ரே, ஸ்கேன், முதுகெலும்பு என்றார்கள், நரம்பு என்றார்கள். பிடிவாதம் என்றும் ஒருவர் சொன்னார். ஒன்றரை மாதம் கட்டிலிலேயே கிடந்தார். ஒரு நாள் பல் துலக்கிவிடும்போது ஈறு முழுக்கப் பொங்கி ரத்தம். அப்போது பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் "இவர் கடைசியாக எப்போது பழம் சாப்பிட்டார்?" என்று கேட்டார். வைட்டமின் சி குறைவு. ஸ்கர்வி. கப்பலில் போகும் மாலுமிக்கு வரும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த நோய், நாமக்கல்லில், எங்கள் வீட்டில். மாத்திரை கொடுத்து நான்கைந்து நாளில் கால் வலி தணிந்தது, மாதம் முடிவதற்குள் நடந்தார். கை கொடுத்தால் எழுந்து வாசல் வரை வந்து நின்ற அந்தக் காலையை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆக, வைட்டமின் பொய் என்று சொல்ல நான் கடைசி ஆள். குறைந்ததைக் கொடுத்தால் அது மந்திரம் மாதிரித்தான் வேலை செய்யும். அண்ணன் நடந்தார். பேசவில்லை. பேச்சுக்காக அந்த மாத்திரை வரவும் இல்லை.

இன்னொன்று. கோழித் தீவனத்துக்கு வைட்டமின் கலவையை டன்னுக்கு இத்தனை கிராம் என்று தராசில் வைத்துத்தான் போடுகிறோம். கை கூடினால் முட்டை ஓட்டிலேயே தெரிந்துவிடும். கோழிக்குப் போடும் கணக்கைப் பிள்ளைக்குப் போடாமல் ஐந்து டப்பாவை அடுக்குகிறார்களே.

சத்துணவு_பொள்ளாச்சி · செவ்வாய் மாலை 4.05

அந்த 2011 ஆய்வை முழுதும் படித்தால், பெற்றோர் பொத்தாம்பொதுவாகக் கொடுத்த மதிப்பீட்டில்தான் கூடுதல் தெரிந்தது. மற்ற அளவுகோல்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பி6 மக்னீசியத்தைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2005ல் அலசியபோது தேறியவை மூன்றே ஆய்வுகள், மூன்றும் சிறியவை. இதை வைத்துப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். மீன் எண்ணெய்க்கு 2011ல் தேறியவை இரண்டு. வைட்டமின் டி கொடுத்தால் ஆட்டிசம் தணிகிறது என்று 2016ல் ஓர் எகிப்திய ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2019ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை இன்னும் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

ரிம்லாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகம் அம்மாக்களின் தலையில் பழி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1964ல் அதை எதிர்த்துப் புத்தகமே எழுதியவர். அதற்காக அவரைக் கும்பிடலாம். பி6 விஷயத்தில் அவருடைய நம்பிக்கையைப் பின்னால் வந்த ஆய்வுகள் தாங்கவில்லை.

மாத்திரைக்கடை · பெருந்துறை · செவ்வாய் மாலை 6.20

உடுமலை நண்பருக்கு: உங்கள் மகனுக்கு நாளைக்கு எத்தனை மி.கி. போகிறது? வலிப்பு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா? சில வலிப்பு மாத்திரைகளின் வேகத்தை அதிக பி6 குறைத்துவிடும், அதற்காகக் கேட்கிறேன். பாதம் மரத்துப்போனால் அவனால் சொல்ல முடியுமா?

நம்பிக்கை · உடுமலை · செவ்வாய் இரவு 10.50

150. வலிப்பு இல்லை.

சொல்ல மாட்டான்.

காங்கேயத்துக்காரி · செவ்வாய் இரவு 11.30

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். 'வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்' என்று சொல்கிறவர்களுக்காக.

என் மகளுக்கு எட்டு வயது, பேச்சு இல்லை. வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் 60,000 யூனிட் பொட்டலம் எழுதினார். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். மருந்து வாங்கிய கடையில் கவர் மேல் காலை 1 என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சீட்டை நான் திரும்பப் பார்க்கவில்லை. என் மேலும் தப்பு இருக்கிறது. தினமும் காலையில் பாலில் கரைத்து ஒன்று.

இரண்டாவது வாரம் சோறு நின்றது. வாந்தி. தண்ணீர்க் குழாயில் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். மலம் ஐந்து நாளாகப் போகவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். பார்த்தவர்கள் எல்லாம் 'ஆட்டிசம் கூடிவிட்டது' என்றார்கள். நானும் நம்பினேன். மாவட்ட மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்தபோது கால்சியம் 14.1. பத்தரைக்குள் இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு ஓடிவந்து குப்பைக்கூடையைக் கொட்டி எண்ணினேன். காலிப் பொட்டலம் பத்தொன்பது. பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் யூனிட். எட்டு வாரத்துக்கு மருத்துவர் கொடுக்க நினைத்ததே நான்கு லட்சத்து எண்பதாயிரம்தான். ஒன்பது நாள் குளுக்கோஸ் பாட்டிலோடு கிடந்தாள். சிறுநீரகம் தப்பியது.

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. சிறுநீரில் போகாது. உள்ளேயே தங்கும். மீன் ஈரல் எண்ணெயில் ஏ வைட்டமினும் உண்டு. அந்த வெளிநாட்டுக் குப்பியில் என்ன எண்ணெய் என்று பார்த்தீர்களா மல்லிகை?

அமுச்சி · புதன் காலை 5.40

படித்ததும் வயிறு கலங்கிவிட்டது சாமி. பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்?

காங்கேயத்துக்காரி · புதன் காலை 6.10

நன்றாக இருக்கிறாள் அமுச்சி. பொட்டலத்தைக் கண்டால் மட்டும் ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள்.

நூல்கண்டு · கோவை · புதன் இரவு 8.00

எனக்கு 26 வயது. எனக்கே ஆட்டிசம். நூல் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. மேலே எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நாக்கைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பி வைட்டமின் நாற்றம் நனைந்து காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கும். துத்தநாகம் வாயில் பத்துப் பைசா நாணயத்தை வைத்த மாதிரி. என் பதினோராவது வயதில் அம்மா எனக்குத் தெரியாமல் பாலில் ஒரு பொடியைக் கலந்தார். முதல் மடக்கிலேயே தெரிந்தது. அன்றோடு பால் முடிந்தது. தயிரும் கூடவே போயிற்று, ஏனென்றால் அதுவும் வெள்ளை. பதினைந்து வருடம் ஆகிறது. அம்மா செய்தது பாசத்தில்தான். ஆனாலும் நான்கே பொருள் சாப்பிடும் பையனிடம் நான்கில் ஒன்றில் மருந்தைக் கலந்தால் மூன்றுதான் மிஞ்சும்.

தனியாகக் கொடுங்கள், இது மருந்து என்று சொல்லிக் கொடுங்கள், தினமும் ஒரே நேரத்தில், ஒரே கரண்டியில். நாங்கள் ஒழுங்குக்குப் பழகுவோம், ஏமாற்றுக்குப் பழகமாட்டோம்.

கண்ணைப் பார்ப்பது பற்றி: நான் இப்போதும் பார்ப்பதில்லை. மேலாளரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுகிறேன். சம்பளம் முழுதாகத்தான் வருகிறது.

வானவில்_அப்பா · சேலம் · வியாழன் காலை 9.00

2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஏதோ ஃபோலினிக் அமிலம் பற்றி அறிவித்தார்களே, அதைக் கேட்டு வாங்கலாமா?

மாத்திரைக்கடை · பெருந்துறை · வியாழன் காலை 9.45

அந்த அறிவிப்பு வந்த வாரமே என் கடையில் கேட்டார்கள். அது புற்றுநோய் சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் மருந்தின் நச்சை முறிக்க வெகுகாலமாகப் பயன்படும் மருந்து. மூளைக்கு ஃபோலேட் சரியாகப் போய்ச் சேராத ஓர் அரிய குறைபாட்டைச் சொல்லித்தான் அங்கே அனுமதிப் பேச்சு வந்தது. ஆட்டிசத்துக்கு நடந்தவை சிறிய ஆய்வுகள். சில பிள்ளைகளின் பேச்சில் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் தர மாட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் இதுவும் ஒன்றில்லை, அதை வாங்கி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

மல்லிகைப்பந்தல் · திருப்பூர் · அடுத்த செவ்வாய் இரவு 9.40

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மாவட்டக் குழந்தைகள் ஆரம்ப இடையீட்டு மையத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஃபெரிட்டின் மட்டும் வெளியே கொடுத்துப் பார்த்தோம்.

ஹீமோகுளோபின் 9.4. ஃபெரிட்டின் 7. டி 17. பி12 சரியாக இருக்கிறது. ஈயம் பயப்படும் அளவில் இல்லை.

இந்த வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5 இருக்க வேண்டும், ஃபெரிட்டின் 15க்குக் கீழே போகவே கூடாது என்று மருத்துவர் சொன்னார். இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார், எடையை வைத்துக் கணக்குப் போட்டு. டி சொட்டு குறைந்த அளவில். பாலை நாளைக்கு இரண்டு டம்ளராகக் குறைக்கச் சொன்னார். மாதத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாது. பேச்சுப் பயிற்சி மையத்தில் பொடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கை நடுங்கியது.

டானிக்கை எப்படிக் கொடுப்பது? முதல் நாள் மூஞ்சியிலேயே துப்பினான். சுவரெல்லாம் கறை.

அமுச்சி · புதன் காலை 6.00

டானிக் எதற்கு? முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கம்மஞ்சோறு ஆக்கிக் கொடு. இரும்புச் சட்டியில் கடைந்து கொடு. எங்கள் காலத்தில் எந்த டானிக் இருந்தது?

சத்துணவு_பொள்ளாச்சி · புதன் காலை 10.30

அமுச்சி, கம்பும் இரும்புச் சட்டியும் நல்லவைதான், சட்டியில் புளிப்பாக எதையாவது சமைத்தால் இரும்பு இறங்கும். ஆனால் ஃபெரிட்டின் ஏழில் கிடக்கும் பிள்ளையைக் கீரையால் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது. கீரையிலுள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய சங்கடம், அவன் கீரையை வாயில் வைக்க வேண்டுமே.

மல்லிகை, டானிக்கைப் பாலோடு கொடுக்காதீர்கள், டீயோடும் வேண்டாம். இரண்டும் இரும்பை வீணாக்கும். எலுமிச்சைச் சாறு குடிப்பானா? குடித்தால் அதோடு. ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கம் போகும்படி கொடுத்தால் பல் கறையும் குறையும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். எண் ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் நிறுத்தக் கூடாது. பாட்டிலைப் பூட்டி வையுங்கள். சிறு பிள்ளை இரும்பு டானிக்கை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

உணவை மெதுவாகப் பாருங்கள். இட்லி மாவில் ஒரு கரண்டி ராகி மாவு, அவன் பார்க்கும்போதே. நிறம் மாறியது தெரிய வேண்டும். நூல்கண்டு சொன்னதை மறக்காதீர்கள்.

நம்பிக்கை · உடுமலை · சனி மாலை 5.15

மருத்துவரிடம் காட்டினேன். ஊசியால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பாதத்தில் காலை இழுத்துக்கொள்ளத் தாமதமாகிறது, பி6தான் காரணமா என்று இப்போது சொல்ல முடியாது, எதற்கும் நிறுத்துங்கள் என்றார். நிறுத்திவிட்டேன். பத்து நாள் பையன் எப்படியாவது மாறுகிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. மீன் எண்ணெயைத் தொடர்கிறேன், அதில் யாரும் குறுக்கே வர வேண்டாம்.

மாத்திரைக்கடை · பெருந்துறை · சனி இரவு 9.30

வரவில்லை. குப்பியில் ஏ வைட்டமின் அளவை மட்டும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் · திருப்பூர் · மூன்று மாதம் கழித்து, ஞாயிறு இரவு 10.05

நேற்று மறுபடி ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 11.6. ஃபெரிட்டின் 29.

டானிக் ஸ்ட்ராவில் போகிறது, பச்சை ஸ்ட்ரா மட்டும். ஏழரை மணி ஆனால் அவனே கரண்டிப் பெட்டி பக்கம் போய் நிற்கிறான். இரவில் கால் உதைப்பது நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் முதல் வாரம் பயந்துபோய் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். திருநீற்றுக் கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ராகி இட்லி கால் பங்கு வரை வந்திருக்கிறோம். சொற்கள் பதினேழு. கண்ணைப் பார்ப்பதில்லை.

அமுச்சி · திங்கள் காலை 5.50

கச்சாயம் சுட்டுக் கொடுத்துப் பார்த்தாயா கண்ணு? நாட்டுச்சர்க்கரை போட்டு.

மல்லிகைப்பந்தல் · திங்கள் காலை 8.20

கொடுத்தேன் அமுச்சி. கையில் வாங்கினான், முகர்ந்து பார்த்தான், திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டான். போன வருடமாக இருந்தால் வாசலுக்கு எறிந்திருப்பான். அடுத்த வாரம் சின்னதாகச் சுட்டுப் பார்க்கிறேன்.